பிரஷ்யாவும் சேதுநாடும்: ஓர் அரசு மறையும் வழிகள்

கி.பி. 1947 பிப்ரவரி 25 ஆம் நாள், பெர்லினில் இருந்த நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு தனது 46 ஆம் எண் சட்டத்தை வெளியிட்டது. பிரஷ்ய அரசு, அதன் மைய ஆட்சி, அதன் துறைகள் யாவும் ஒழிக்கப்பட்டன என்பது அச்சட்டத்தின் சாரம். உலக வரலாற்றில் அரசுகள் போரில் அழிந்ததுண்டு, வாரிசின்றி அற்றுப்போனதுண்டு, பெரிய அரசுகளின் வயிற்றுக்குள் போனதுண்டு. ஒரு காகிதத்தில் சட்டம் எழுதி ஓர் அரசின் பெயரையே நிலப்படத்திலிருந்து நீக்கிய நிகழ்ச்சிகள் மிகச் சில. பிரஷ்யா அவற்றுள் தலையாயது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசலில் வாழும் நமக்குப் பிரஷ்யாவால் ஆவதென்ன என்று நண்பர்கள் வினவலாம். பிரஷ்யா மறைந்த மறு ஆண்டில், 1948 இல், சென்னை மாகாணம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி 1949 இல் இராமநாதபுரம் சமஸ்தானத்தை அரசு ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 350 ஆண்டுகள் நம் நிலத்தின்மேல் நின்ற ஒரு பெயர் அன்று அலுவலகக் கோப்புக்குள் அடங்கியது. வகுப்பில், "நம் ஊர் எந்த அரசின் கீழ் இருந்தது?" என்று கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் "பாண்டியர்" என்கின்றனர், சிலர் "வெள்ளைக்காரர்" என்கின்றனர். இரண்டுக்கும் இடையில் இருந்த சேதுபதிகளின் பெயரைச் சொல்பவர் அரிது. பிரஷ்யாவை அருகில் வைத்துப் பார்த்தால், இந்த மறதி எப்படி நேர்ந்தது என்பது சற்றுத் தெளிவாகும்.

ஒத்த ஆண்டுகள்

பிரஷ்யா என்பது முதலில் ஜெர்மானியப் பெயரே அன்று. பால்டிக் கடற்கரையில் வாழ்ந்த, ஜெர்மன் மொழிக்கு அயலான மொழி பேசிய ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர் அது. 13 ஆம் நூற்றாண்டில் டியூட்டானிய வீரத்துறவியர் அவர்களை வென்றனர். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அம்மக்களின் மொழி பேசுவாரின்றி அழிந்தது. வென்றவர்கள் தோற்றவர்களின் பெயரைத் தமதாக்கிக்கொண்டனர். பின்னாளில் அப்பெயரே பேரரசின் பெயராயிற்று.

1525 முதல் பிரஷ்யா ஒரு குறுநிலம். அதன் தலைவன் போலந்து மன்னனுக்குக் கீழ்ப்பட்டவன். 1657 இல் அந்தக் கீழ்ப்பாடு நீங்கியது. 1701 இல் பிரெடரிக் கோனிக்ஸ்பெர்க் நகரில் தனக்குத் தானே முடி சூட்டிக்கொண்டு மன்னனானான்.

இப்போது சேதுநாட்டைப் பார்ப்போம். கி.பி. 1605 அளவில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர், மறவர் தலைவரான சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றார். இராமேசுவரம் செல்லும் வழியைக் காப்பதும் யாத்திரிகருக்குத் தீங்கு வாராமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு. தலைநகர் அப்போது போகலூர். சேதுபதி மதுரைக்குக் கட்டுப்பட்ட பாளையக்காரர், கப்பம் கட்டுபவர்.

1656 அளவில் மைசூர்ப் படை மதுரை நாட்டின்மீது பாய்ந்தது. பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்த கொடுமையால் அது மூக்கறுப்புப் போர் என்று பெயர் பெற்றது. நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்குத் துணையாக இரகுநாத சேதுபதி படையுடன் சென்று மைசூர்ப் படையைத் துரத்தினார். அதற்கு நன்றியாக நாயக்கர் கப்பத்தை நீக்கினார். தம் பெயரையே பட்டமாக அளித்துத் 'திருமலை சேதுபதி' என்று அழைக்கச் செய்தார். நவராத்திரி விழாவை மதுரையைப் போலவே கொண்டாடும் உரிமையையும் தந்தார். அவற்றோடு திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்ப் பகுதிகளையும் கொடுத்தார்.

நம் வட்டாரம் சேதுநாட்டுக்குள் வந்த வழி இது. குண்டாற்றங்கரையில் அடுத்தடுத்து இருக்கும் திருச்சுழியும் பள்ளிமடமும் ஒரு போருக்கான கைம்மாறாகக் கைமாறிய ஊர்கள். பிரஷ்யா போலந்தின் பிடியிலிருந்து விலகியதும் சேதுநாடு மதுரையின் கப்பத்திலிருந்து விலகியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

1670களில் பட்டத்துக்கு வந்து 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி, தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். 1702 அளவில் இராணி மங்கம்மாள் அனுப்பிய மதுரைப் படை அவரிடம் தோற்றது. அதன்பின் சேதுநாடு எவருக்கும் கட்டுப்படாத அரசாக நின்றது. கோனிக்ஸ்பெர்க்கில் முடிசூட்டு நடந்ததற்கு மறு ஆண்டு அது.

இவை தற்செயல்தான். ஒன்றை மற்றொன்று அறியாது. ஆயினும் தமக்கு மேலிருந்த ஓர் அரசு தளரும்போது, எல்லைக் காவலுக்கு வைக்கப்பட்டவன் மன்னனாகிறான் என்னும் நியதி இரண்டிலும் ஒன்றுதான்.

வானம் பார்த்த நாட்டின் இலக்கணம்

ஒற்றுமை இத்துடன் நிற்கிறது. பிரஷ்யாவின் வலிமை அதன் நிலைப்படை. அந்நாட்டின் வருவாயில் பெரும்பங்கை விழுங்கியதும் அதுவே. சேதுநாட்டின் உயிரோ தண்ணீரில் இருந்தது.

ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்வது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வைகை மதுரையைக் கடந்து வருமுன்னரே மெலிந்துவிடும். குண்டாறு வெள்ளம் வரும்போது மட்டும் ஆறு. இத்தகைய நிலத்தில் ஓர் அரசு நிலைக்க வேண்டுமாயின், சில நாட்கள் பெய்யும் மழையைப் பல மாதங்களுக்கு நிறுத்தி வைத்தாக வேண்டும். கண்மாய் என்பது அதற்கான ஏற்பாடு. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வெளியேறும் நீர் அடுத்த கண்மாயின் வரத்துக்காலில் விழும். அதன் மறுகால் அதற்கும் கீழுள்ளதற்குப் போகும். மேலூரின் கலுங்கு உயரம் ஒரு சாண் கூடினால் கீழூரின் நஞ்சை காய்ந்துபோகும். ஆகவே கண்மாயை வெட்டுவதைக் காட்டிலும், ஊருக்கும் ஊருக்கும் இடையில் நின்று வழக்குத் தீர்ப்பது பெரிய வேலை. கரையைக் குடிகள் சேர்ந்து மராமத்துச் செய்தனர். கலுங்கின் உயரத்தை ஊருக்கு மேற்பட்ட ஓர் அதிகாரம் காத்தது.

இந்த ஏற்பாட்டைச் சேதுபதிகள் தாமே படைத்தனர் என்று கூறுவது மிகை. இராஜசிங்கமங்கலம் கண்மாய் போன்றவை பாண்டியர் காலத்தவை. சேதுபதிகள் பழையவற்றைக் காத்தனர், புதியனவும் வெட்டினர். குண்டாற்று நீரைத் திருப்பிய இரகுநாத காவேரி என்னும் கால்வாயின் பெயரில், காவிரி பாயாத நாட்டின் ஏக்கம் ஒலிப்பதாக எனக்குத் தோன்றும்.

அந்த ஏக்கத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1789 இல் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப இயலுமா என்று அறிந்துவர 12 பேரை மலைக்கு அனுப்பினார். இயலும், ஆனால் அதற்குரிய பொருள் நம்மிடம் இல்லை என்ற முடிவோடு அம்முயற்சி நின்றது. நூறு ஆண்டுகள் கழித்து, 1887 இல் தொடங்கி 1895 இல், ஆங்கிலேய அரசு பென்னிகுயிக்கைக் கொண்டு அதனைச் செய்து முடித்தது. அந்நீரால் முதன்மையாகச் செழித்தது மதுரைச் சீமை. முதலில் அதைக் கனவு கண்ட வறண்ட நாட்டின் கண்மாய்கள் வானத்தையே பார்த்திருந்தன.

வாள் போன கதை

18 ஆம் நூற்றாண்டில் பிரஷ்யா விரிந்தது, சேதுநாடு சுருங்கியது. விஜயரகுநாத சேதுபதிக்குப் பின் எழுந்த வாரிசுப் போரில் தஞ்சை மராட்டியர் தலையிட்டனர். 1730 அளவில் நாடு பிளந்தது. வடகோடியைத் தஞ்சை எடுத்துக்கொண்டது. எஞ்சியதில் ஐந்தில் மூன்று பங்கு இராமநாதபுரத்துக்கும் இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கும் ஆயின. அந்த இரண்டு பங்கே சிவகங்கைச் சீமை.

1772 ஆம் ஆண்டு ஓர் ஒப்பீட்டுக்கு உரியது. அவ்வாண்டு பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடரிக், போலந்தைக் கூறுபோட்டவர்களுள் ஒருவனாக நின்று மேற்குப் பிரஷ்யாவைப் பெற்றான். அதே ஆண்டு சூன் மாதத்தில் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினிப் படையும் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. சேதுபதி அப்போது 12 வயதுச் சிறுவர். அவரும் தாயார் முத்துத் திருவாயி நாச்சியாரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கப்பட்டனர். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், ஐதர் அலியின் படையெடுப்பால் நிலைகுலைந்த நவாப் அவரை விடுவித்து மீண்டும் பட்டத்தில் அமர்த்தினார்.

1792 இல் நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையங்களில் நேரடியாகப் பேஷ்குஷ் வசூலிக்கும் உரிமையைக் கும்பினி பெற்றது. முத்துராமலிங்க சேதுபதிக்கும் கும்பினிக்கும் துணி வணிகத்திலும் சுங்கத்திலும் உரசல் முற்றியது. 1795 பிப்ரவரியில் கும்பினிப் படை கோட்டைக்குள் புகுந்து அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. முதலில் திருச்சிராப்பள்ளியிலும் பின்னர்ச் சென்னையிலும் காவலில் இருந்து, 1809 இல் கைதியாகவே அவர் இறந்தார். 1799 இல் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பகுதிகளில் குடிகள் கிளர்ந்து கும்பினிக் கச்சேரிகளைத் தாக்கினர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, மயிலப்பன் 1802 இல் தூக்கிலிடப்பட்டார்.

அரசு என்ற பொருளில் சேதுநாடு மறைந்தது இந்த 1795 இல்தான். பாஞ்சாலங்குறிச்சியைப் போலப் பீரங்கிப் புகையோடு மறையாததால், இம்மறைவு நம் நினைவில் ஆழமாகப் பதியவில்லை. கோட்டை நின்றது, அரண்மனை நின்றது, 'சேதுபதி' என்ற பட்டமும் நின்றது. பிரஷ்யாவின் கதையிலும் இத்தகைய ஒரு முன்மறைவு உண்டு. 1918 இல் மன்னன் போனான். ஆனால் பிரஷ்யா ஒரு குடியரசு மாநிலமாக இருந்தது. 1932 சூலை 20 இல் பாப்பன் அதன் அமைச்சரவையைக் கலைத்தார். அடுத்து வந்த நாசி ஆட்சியில் மாநிலங்களின் உரிமை முழுவதும் பறிபோனது. 1947 இன் சட்டமும் பிரஷ்யா நடைமுறையில் ஏற்கெனவே இல்லாமற் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. உயிர் போய் நாளாகிய உடலுக்கு அது எழுதிய இறப்புச் சான்றிதழ். நம் நாட்டில் அச்சான்றிதழ் எழுதப்பட 154 ஆண்டுகள் ஆயின.

ஜமீன் என்னும் நிழல்

1803 இல் கும்பினி, சிறைப்பட்ட மன்னரின் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியாருக்கு நிரந்தரச் சனது வழங்கியது. நாடு ஜமீனாயிற்று. ஆண்டுதோறும் குறித்த தொகையைக் கட்டினால் போதும். படை கூடாது, நீதி வழங்கல் கூடாது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தொகை மாறாது.

இங்கே ஓர் நுட்பமான மாற்றம் நிகழ்ந்தது. வாளைத் துறந்த ஜமீனிடம் வரி வாங்கும் உரிமை மட்டும் எஞ்சியது. கண்மாயைக் காப்பது கடமை என்ற நிலையிலிருந்து செலவு என்ற நிலைக்கு இறங்கியது. கட்ட வேண்டிய பேஷ்குஷும் வாரிசு வழக்குகளும் முதலில் நின்றன. கரையும் மடையும் பின்னால் நின்றன.

அவ்வழக்குகளுள் ஒன்று இந்தியச் சட்ட வரலாற்றிலேயே இடம்பெற்றது. இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847 இல் செய்த தத்து செல்லுமா என்ற வினா இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1868 இல் தத்து செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கணவனை இழந்த பெண் உறவினர் இசைவுடன் தத்தெடுக்கலாம் என்று திராவிட நாட்டு வழக்கை நிலைநாட்டிய அத்தீர்ப்பைச் சட்டம் படிப்போர் இன்றும் படிக்கின்றனர். ஆனால் அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடியிருந்தன. ஜமீன் கடனில் மூழ்கியிருந்தது. 1873 முதல் 1889 வரை, இளவரசர் பாஸ்கர சேதுபதிக்கு வயது வரும் வரை, அது அரசின் கோர்ட் ஆப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்தது.

திருச்சுழியில் அக்காலத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. 1879 இல் அவ்வூரில் பிறந்து பின்னாளில் இரமண மகரிஷியானவரின் தந்தையார் சுந்தரமையர் அங்கு வழக்காடியவர். ஜமீனின் மண்ணில் ஆங்கில அரசின் நீதி நடந்தது என்பதற்கு அந்நீதிமன்றமே சாட்சி.

யாருடைய அரசு?

மறைந்த அரசைப் பற்றி எழுதுகையில் ஏக்கம் மிகுந்துவிடுவது இயல்பு. அதற்கு ஓர் அணை வேண்டும்.

1897 சனவரி 26 இல் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். அதே ஆண்டு மே மாதத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டனர். அதனை எதிர்த்துக் கோயிலின் அறங்காவலர் என்ற முறையில் வழக்குத் தொடுத்தவரும் அதே பாஸ்கர சேதுபதிதான். அவர் 1903 இல் மறைந்தார். 1908 இல் பிரிவி கவுன்சில் சேதுபதி தரப்புக்கே தீர்ப்பளித்தது. கோயிற் கதவைத் திறக்க 1939 இன் ஆலயப் பிரவேசச் சட்டமும் 1947 இன் சட்டமும் வரவேண்டியிருந்தன.

அருப்புக்கோட்டையும் அதனை ஒட்டிய பாளையம்பட்டியும், நாடார் வணிகம் வளர்ந்த இராமநாதபுரச் சீமையின் ஆறு ஊர்களைச் சேர்ந்தவை. அங்கு உறவின்முறை என்னும் அமைப்பு, வணிகப் பொருளின்மேல் மகமை வசூலித்துப் பொது நிதி சேர்த்தது. பேட்டையும் கிணறும் கோயிலும் பள்ளியும் அந்நிதியில் எழுந்தன. அரசு செய்யாததை, செய்ய மறுத்ததை, மக்கள் தாமே செய்துகொண்ட வரலாறு இது. சேதுநாடு மறைந்தது என்பது அரண்மனையை ஒட்டி வாழ்ந்தவனுக்கு இழப்பு. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனுக்கு விடுதலை. பிரஷ்யாவின் மறைவும் போலந்து உழவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். இரண்டையும் ஒருங்கே சொல்லாத வரலாறு அரண்மனைக் கணக்கப்பிள்ளையின் ஏடாகவே நின்றுவிடும்.

பாலவநத்தம்

இந்தக் கதையில் நம் வட்டாரம் பெருமையோடு வரும் இடம் ஒன்றுண்டு. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பாலவநத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867 – 1911). பொன்னுசாமித் தேவரின் மகன். பாஸ்கர சேதுபதிக்குப் பெரியப்பன் மகன். படையும் நாடும் இல்லாத காலத்து அரசகுடியினர் என்ன செய்யலாம் என்பதற்கு அவர் ஒரு விடை கண்டார். 1901 செப்டம்பர் 14 இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். கல்லூரியும் நூல்நிலையமும் அச்சகமும் அதன் அங்கங்களாயின. இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு 'செந்தமிழ்' இதழ் தொடங்கியது. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910 இல் அச்சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணிக்கும் அவர் பொருளுதவி செய்தார். வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கும்பினிக்குத் தலைவராகவும் இருந்தார்.

பிரஷ்யா ஒழிந்தபின் அப்பெயரை அரச நிலையில் தாங்கி நிற்பது 1957 இல் நிறுவப்பட்ட பிரஷ்யப் பண்பாட்டுடைமை அறக்கட்டளை. பெர்லினின் அருங்காட்சியகங்களையும் நூலகத்தையும் அதுவே காக்கிறது. அரசின் பிற சொத்துகள் யாவும் பங்காகிப் போனபின் ஏடுகளும் ஓவியங்களுமே அப்பெயரைக் காப்பாற்றின. சேதுநாட்டுக்கும் அப்படித்தான். மறவர் நாடு என்று போர்க்குணத்தால் அறியப்பட்ட அரசு, தன் அந்திக் காலத்தில் அச்சிட்ட நூல்களால் இன்று தமிழ் படிப்போரிடம் வாழ்கிறது.

சான்றிதழும் அதன் பின்னும்

1949 இல் ஜமீன் ஒழிந்தது. கடைசி ஜமீன்தார் சண்முக ராஜேசுவர சேதுபதி தேர்தலில் நின்று சட்டமன்றம் சென்று அமைச்சருமானார். எந்தக் குருதியும் சிந்தாமல் ஒரு குடும்பம் அரியணையிலிருந்து வாக்குப்பெட்டிக்கு வந்தது. இதனை நம் மக்களாட்சியின் சாதனையாகக் கொள்ளலாம்.

பெயர் இன்னும் சில காலம் நின்றது. 1910 இல் உருவாக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டம், சேதுநாட்டில் ஒருபோதும் இல்லாத ஊர்களையும் சேர்த்துக்கொண்டு அப்பெயரைத் தாங்கியது. 1985 இல் அம்மாவட்டம் மூன்றாயிற்று. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் பகுதிக்குள் வந்தன. திருமலை நாயக்கர் சேதுபதிக்குக் கொடுத்த ஊர்கள், ஏறத்தாழ 330 ஆண்டுகளுக்குப் பின் நிலப்படத்தில் சேதுபதியின் ஊரோடு இருந்த தொடர்பை இழந்தன. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. ஆட்சி வசதிக்காகக் கோடு போட்டார்கள், அவ்வளவே. கோனிக்ஸ்பெர்க் 1946 இல் காலினின்கிராட் ஆனபோது மக்களும் வெளியேற்றப்பட்டனர். நம் ஊர்களில் மக்கள் அங்கேயே இருந்தனர். மறதி மட்டும் குடியேறியது.

ஆனால் ஒரு சொத்து இருந்தது. அதைப் பாகம் பிரித்த விதந்தான் நம்மை இன்றளவும் வாட்டுவது. கண்மாய்களைச் சொல்கிறேன். ஜமீனிடமிருந்து வந்த கண்மாய்கள் அரசுக் கோப்புகளில் 'முன்னாள் ஜமீன் கண்மாய்கள்' என்றே வகைப்படுத்தப்பட்டன. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறைக்கும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. காகிதத்தில் இது சீரான ஏற்பாடு. நிலத்தில் பெரிய கண்மாயின் மறுகால் சிறிய கண்மாய்க்குள் விழுகிறது. ஒரே நீர்ச்சங்கிலியின் ஒரு கண்ணி ஒரு துறையிடம், அடுத்த கண்ணி வேறொன்றிடம். இடையில் உள்ள வரத்துக்கால் யாருடையது என்ற வினாவுக்கு விடை சொல்லும் இடம் மங்கியது. குடிமராமத்து பல ஊர்களில் வழக்கொழிந்தது. கண்மாய் உள்வாயில் சீமைக் கருவேல் வேர்கொண்டது. 2017 இல் சீமைக் கருவேலை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டதும், அதே ஆண்டில் 'குடிமராமத்து' என்ற பழம்பெயரிலேயே தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியதும் இந்த இடைவெளியை நிரப்ப எழுந்த முயற்சிகளே.

கண்மாய் சீரழிந்தது 1949 இல் தொடங்கியதன்று என்பதையும் மறத்தலாகாது. கடமையைச் செலவாக எண்ணிய ஜமீன் காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. மன்னர்கள் திரும்பினால் நீர் திரும்பும் என்று நினைப்பது பேதைமை. ஜமீன் ஒழிப்பு நேர்மையான சட்டம்; உழுதவனுக்கு நிலம் சேர வேண்டும் என்ற நூற்றாண்டுக் கோரிக்கையின் விளைவு. ஆயினும் அது நிலத்துக்கு உரியவன் யார் என்று தெளிவாக எழுதியதைப் போல, கலுங்கின் உயரத்துக்குப் பொறுப்பாளி யார் என்று எழுதவில்லை. பட்டா வீடு தேடி வந்தது. மடையைத் திறக்கும் முறை எவர் வீட்டுக்கும் போகவில்லை.

பிரஷ்யாவைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய வரலாறுகளில் ஒரு வினா திரும்பத் திரும்ப வருகிறது: தீமையோடு சேர்த்து எதை ஒழித்தோம்? படைவெறியை ஒழித்தார்கள், அதே பிரஷ்யாதான் கட்டாயத் தொடக்கக் கல்வியையும் ஒழுங்கான ஆட்சிப் பணியையும் உலகுக்குக் காட்டியது. அவற்றை எடுத்துக்கொள்ளப் புதிய மாநிலங்கள் இருந்தன. நாமும் அவ்வினாவை நம் ஊரளவில் கேட்கலாம். சாதியால் வாசலில் நிறுத்திய அதிகாரம் போனது நன்று. வாரத்தையும் வழக்கையும் சுமத்திய ஜமீன் போனதும் நன்று. மேலூரையும் கீழூரையும் ஓரிடத்தில் அமர்த்தி, "இவ்வளவு நீர் உனக்கு, மிச்சம் அவனுக்கு" என்று சொன்ன குரல் எங்கே போயிற்று? அதை ஏற்கும் உரிமை இன்று நம் ஊராட்சிகளுக்கும் பாசனக்காரர்களுக்கும் உண்டு. அரண்மனையின் அனுமதி அதற்கு வேண்டியதில்லை.

நண்பர்கள் தத்தம் ஊர்க் கண்மாயின் பெயரையும், அதன் மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதினால் மகிழ்வேன். பத்து ஊர்க்காரர்கள் எழுதினால் ஒரு நீர்ச்சங்கிலி தெரிந்துவிடும். எந்த நிலப்படத்திலும் இல்லாத சேதுநாட்டின் ஒரு பகுதியை அப்படித்தான் நாம் மீண்டும் வரைய முடியும்.